பரியாரியாரா, ஆஸ்பத்திரியா? எமது உடல்நலமும் எமது பொறுப்பும்

(குழுவாகக் கூடி வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் எமது ஊர்களில் மூன்று குரல்கள் எழும். "கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடுங்கோ, விடிய மாறிப்போம்" என்பார் அம்மம்மா. "பரியாரியாரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ, நாடி பிடிச்சுப் பாக்கட்டும்" என்பார் பெரியப்பா. "பாமசியிலை ரெண்டு குளிசை வாங்கினாச் சரி" என்பான் மகன். மூவரும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். ஆனால் முதலிற் கேட்க வேண்டிய கேள்வியை மூவருமே கேட்கவில்லை: இது என்ன காய்ச்சல்?

எந்த மருந்து சிறந்தது என்று வாதாடுவது இப்பாடத்தின் நோக்கமன்று. எந்த நேரத்தில் எதை நாடுவது என்று நாமே தீர்மானிக்கக் கற்றுக்கொள்வதே நோக்கம்.

1. இரண்டும் எமக்குச் சொந்தமானவை

சித்த மருத்துவம் எமது முன்னோர் தந்த முதுசம். யாழ்ப்பாண அரசர் காலத்துப் பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இன்றும் கற்கப்படுகின்றன. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த வைத்தியத்தையும் அரசு ஏற்றுக்கொண்ட மருத்துவங்களுள் ஒன்றாக்கியது. 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அது கற்பிக்கப்பட்டு வருகிறது.

ஆங்கில வைத்தியம் என்று நாம் அழைப்பதும் எமக்குப் புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் எமது இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். ஆகவே ஒன்று எமது மருத்துவம், மற்றது அந்நியர் மருத்துவம் என்று பிரித்துச் சண்டையிடத் தேவையில்லை. நோயாளி பிழைக்க வேண்டும் என்பதே முக்கியம்.

2. தானாக மாறும் வருத்தமும் மருந்தால் மாறும் வருத்தமும்

நாம் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம் இது. பல வருத்தங்கள் மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சில நாட்களில் தாமாகவே மாறும். தடிமன் அப்படியானது. இந்நாட்களில் நாம் எதைக் குடித்தாலும் அதுவே சுகப்படுத்தியது என்று நம்பிவிடுகிறோம்.

செங்கண்மாரியை எடுத்துக்கொள்வோம். அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஒருவகைச் செங்கண்மாரி 2009இல் செட்டிக்குளத்து முகாம்களிலும் பரவியது. இது ஈரலைத் தாக்கும் ஒரு கிருமியால் வருவது. பெரும்பாலானோருக்கு ஓய்வும் நல்ல உணவும் கிடைத்தால் சில வாரங்களில் தானாகவே மாறிவிடும். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தவர்களும் சுகமானார்கள், குடிக்காதவர்களும் சுகமானார்கள்.

ஆனால் வயலில் சேற்றில் நின்று வேலை செய்தவருக்குக் காய்ச்சலும், கெண்டைக்காற் சதை நோவும், கண் சிவப்பும் கண்டு, பின்னர் கண் மஞ்சளானால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கண்ணின் மஞ்சள் இரண்டிலும் ஒன்றுதான், நோயோ வேறு. எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தையும் சுவாசப்பையையும் தாக்கி உயிரை மாய்க்கக்கூடியது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் "மர்மக் காய்ச்சல்" என்று மக்கள் அஞ்சிய மரணங்கள், பரிசோதனையின் பின்னர் எலிக்காய்ச்சல் எனத் தெரியவந்தன. ஆரம்பத்திலேயே ஆஸ்பத்திரிக்குச் சென்றால் இதனைச் சாதாரண அன்ரிபயற்றிக் மருந்தாலேயே மாற்றலாம். கீழ்க்காய்நெல்லியை நம்பி 4 நாட்கள் காத்திருந்தால் அந்த 4 நாட்களே உயிரைப் பறித்துவிடலாம்.

கைமருந்திலுள்ள பெரிய ஆபத்து பெரும்பாலும் அந்த மருந்தில் இல்லை. அதை நம்பி நாம் இழக்கும் நேரத்திலேயே உள்ளது.

3. பாம்புக்கடி: நேரமே மருந்து

வன்னியில் இதைவிட முக்கியமான பாடம் இல்லை. 2012-2013இல் நாடு முழுவதும் வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வொன்று, இலங்கையில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர் எனவும், ஏறத்தாழ 400 பேர் இறக்கின்றனர் எனவும் கணித்தது.

இக்கணக்கைக் கூர்ந்து பாருங்கள். கடிபட்ட 200 பேரில் ஏறக்குறைய ஒருவரே இறக்கிறார். ஏனையோரில் பலரை ஆஸ்பத்திரி காப்பாற்றியது. வேறு பலரைக் கடித்தது விஷமில்லாத பாம்பு, அல்லது கடித்தும் விஷம் இறங்கவில்லை. விஷக்கல் வைத்தவர்களும், பார்வை பார்த்தவர்களும், பச்சிலை கட்டியவர்களும் "எத்தனையோ பேரைச் சுகமாக்கினேன்" என்று சொல்வது பொய்யன்று. ஆனால் அவர்களுட் பலர் எதுவும் செய்யாமலே பிழைத்திருப்பார்கள். விஷம் இறங்கிய ஒருவர் வரும்போதுதான் உண்மை தெரியவரும். அப்போது காலம் கடந்துவிடும்.

முத்திரைப் புடையன் எனப்படும் கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாமற் போகும். அதனை அறிய ஆஸ்பத்திரியில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயொன்றில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பார்கள். கறுப்பு உடலில் வெள்ளை வளையங்களுள்ள கட்டுவிரியன் இரவில் நிலத்திற் படுத்திருப்போரையே பெரும்பாலும் கடிக்கிறது. கடிவாயில் நோவோ வீக்கமோ அதிகம் இராது. வயிற்றுவலி, கண்ணிமை சோர்ந்து விழுதல் என்று தொடங்கி மூச்சே நின்றுவிடும். இவ்விஷங்களை முறிப்பது குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படும் விஷமுறிவு ஊசி மருந்தே. எல்லா விஷப்பாம்புகளுக்கும் அது பொருந்தாது. அதனாலேயே ஒவ்வாமையும் ஏற்படலாம். எனவே அதை எப்போது கொடுப்பது என்று வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

பாம்பு கடித்தால் கடிவாயை வெட்டவோ உறிஞ்சவோ கூடாது. இறுக்கிக் கட்டக் கூடாது. மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றுங்கள். கடிபட்ட அவயவத்தை அசைக்காமல் வைத்து, நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். பாம்பைத் தேடி அடிப்பதில் நேரத்தைப் போக்க வேண்டாம். நிலத்திற் படுப்பவர்கள் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் கீழ்ச் செருகிப் படுத்தால் நுளம்பிலிருந்தும் பாம்பிலிருந்தும் பாதுகாப்புக் கிடைக்கும்.

4. அகதி முகாம் உலகுக்குத் தந்த மருந்து

வீட்டு மருந்தெல்லாம் வீண் என்று இதற்குப் பொருளல்ல. 1971இல் வங்காளதேச யுத்தத்தின்போது இலட்சக்கணக்கான மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாக ஓடினர். எல்லைக்கு அண்மையில் போன்கான் என்னும் இடத்தில் வாந்திபேதியால் பலர் மடிந்தனர். ஏற்றுவதற்குச் சேலைன் போதவில்லை. டொக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பும் குளுக்கோசும் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, உறவினர்களே நோயாளிகளுக்குப் பருக்கும்படி செய்தார். நூற்றுக்கு 30 பேர் அளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் குறைந்தது.

நாம் கடையில் வாங்கும் ஜீவனிப் பக்கற் இதன் வழிவந்ததே. எம்மைப்போல் இடம்பெயர்ந்த தாய்மாரும் தந்தைமாரும் தமது கைகளாலேயே இந்த மருந்து பயனுள்ளது என்று காட்டினார்கள். ஜீவனி இல்லாதபோது கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சீனியும் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகப் பருக்கலாம். அளவு தவறக்கூடாது, உப்புக் கூடினால் குழந்தைக்கு ஆபத்து. குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவும் கூடாது.

5. பூண்டிலிருந்து குளிசை வரை

1996இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று மரநிழல்களின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு மலேரியாவை நினைவூட்டத் தேவையில்லை. 1999இல் நாடு முழுவதிலும் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அந்நோய் கண்டது. 2012 ஒக்டோபரின் பின் உள்ளூரில் எவருக்கும் தொற்றவில்லை என்பதால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இரத்தப் பரிசோதனையும் முழுமையாக உண்ட குளிசையும் வலையும் மருந்து தெளித்தலும் சேர்ந்தே இதைச் சாதித்தன.

மலேரியாவுக்கான பழைய கொயினா ஒரு மரப்பட்டையிலிருந்து வந்தது. புதிய மருந்தான ஆட்டிமிசினினைச் சீன விஞ்ஞானி தூ யூயூ ஒரு பூண்டிலிருந்து பிரித்தெடுத்தார். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சீன வைத்திய நூல், அப்பூண்டை அவிக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு கூறியதே அவருக்கு வழி காட்டியது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூலிகை வழிகாட்டியது, பரிசோதனை உறுதி செய்தது. மூலிகையை மதிப்பதும் சோதித்துப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

6. இயற்கையானது தீங்கற்றதா?

அலரியும் இயற்கைதான், அதன் விதை என்ன செய்யும் என்பது நாம் அறிந்ததே. ஈசுரமூலி எங்கள் கைமருந்துகளுள் ஒன்று. அச்செடியின் இனத்தில் உள்ள ஒருவகை அமிலம் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதோடு புற்றுநோயையும் உண்டாக்கும் என இன்று நிரூபிக்கப்பட்டுள்ளது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக உண்ட மருந்தில் இவ்வினச் செடி தவறுதலாகக் கலந்ததால் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. வவுனியாவின் சில பகுதிகளிலும் வெலிஓயாவிலும் சிறுநீரக நோய் பரவியுள்ள இந்நாளில், பெயர் தெரியாத வேரை எவரோ சொன்னார் என்று உண்ணலாகாது. பதிவுபெற்ற சித்த வைத்தியரிடமே செல்லுங்கள். சந்தையில் வந்து விற்றுவிட்டுப் போகிறவரிடம் பற்பம், செந்தூரம் வாங்காதீர்கள்.

7. ஆங்கில மருந்திலும் அவதானம்

தடிமனுக்கெல்லாம் அன்ரிபயற்றிக் கேட்பதும், இரண்டு நாளில் சுகம் கண்டு மீதியை நிறுத்துவதும், மற்றவருடைய குளிசையை வாங்கி உண்பதும் தவறு. உடல் நோவுக்காக நாள்தோறும் நோக்குளிசை போடுவதாலும் சிறுநீரகம் பாதிக்கப்படும். டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர்ந்த அஸ்பிரின் போன்ற நோமருந்துகள் இரத்தப் பெருக்கை உண்டாக்கலாம். 2017இல் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். டெங்கில் காய்ச்சல் குறையும் வேளையிலேயே ஆபத்து மிகுதி. பப்பாசி இலைச்சாறு குடித்தவர்களும் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

சலரோகத்துக்கும் பிரஷருக்கும் மருந்து எடுப்பவர்கள் குறிஞ்சாவையும் முருங்கை இலையையும் கறியாக உண்பது நல்லதே. ஆனால் அதை நம்பிக் குளிசையை நிறுத்தலாகாது. பரியாரியாரிடம் எடுக்கும் மருந்தைக் கிளினிக் டொக்டரிடமும், டொக்டரிடம் எடுக்கும் மருந்தைப் பரியாரியாரிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

8. பொறுப்பு யாருடையது?

"உன் உடலுக்கு நீயே பொறுப்பு" என்பது நல்ல வார்த்தை. ஆனால் நோயாளியைக் குற்றவாளி ஆக்குவதற்காக அதைச் சொல்லக்கூடாது. நல்ல கிணறு இல்லாத குடும்பத்துக்கு நீரைக் கொதிக்கவைக்க விறகாவது வேண்டும். பஸ் ஓடாத கிராமத்துக் கர்ப்பிணி கிளினிக்குக்கு வரவில்லை என்று ஏசுவதில் நியாயமில்லை. 2022இல் ஆஸ்பத்திரிகளிலேயே மருந்து தட்டுப்பட்டபோது மக்கள் கைமருந்தை நாடியது அறியாமையால் அன்று, வேறு வழியின்மையால்.

ஆகவே பொறுப்பு மூன்று படிகளில் உள்ளது. நீரைக் கொதிக்கவைத்தல், மலசலகூடம் பாவித்தல், வலை கட்டுதல், குளிசையை முடித்தல் ஆகியன வீட்டின் பொறுப்பு. கிணறு இறைத்தல், அவசரத்துக்கு வாகனம் ஒழுங்கு செய்தல், தனித்து வாழும் முதியவரைப் பார்த்தல் ஆகியன கிராமத்தின் பொறுப்பு. வைத்தியரும் மருந்தும் வீதியும் தருவது அரசின் பொறுப்பு. அதனைக் கேட்டுப் பெறுவது எமது உரிமை.

இடம்பெயர்ந்து பழகிய எமக்கு இன்னொரு கடமையும் உண்டு. கிளினிக் கொப்பி, குழந்தையின் வளர்ச்சிப் பதிவேடு, உண்ணும் குளிசைகளின் பெயர் ஆகியவற்றைப் பொலித்தீன் பையிலிட்டு, அடையாள அட்டையோடு வைத்திருங்கள். வெள்ளமோ வேறு ஆபத்தோ வந்தால் கையோடு எடுத்துச் செல்லலாம்.

9. உடனே ஆஸ்பத்திரிக்கு

கீழுள்ளவற்றுக்குக் கைமருந்து பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

• எந்தப் பாம்பு கடித்தாலும்
• காய்ச்சலோடு வலிப்பு, மயக்கம், இரத்தக் கசிவு, கடும் வயிற்றுவலி
• வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல்
• குழந்தைக்கு மூச்சிளைப்பு, பால் குடிக்காமை, கண் குழிவிழுதல்
• நெஞ்சுநோ, கை கால் திடீரென வழங்காமை, வாய் கோணுதல்
• கர்ப்பிணிக்கு இரத்தம் போதல், கடும் தலையிடி, பார்வை மங்கல்
• நஞ்சு அல்லது கிருமிநாசினி உட்கொண்டால்

காய்ச்சல் எதுவாயினும் 2 நாட்களுக்கு மேல் நீடித்தால் இரத்தம் சோதியுங்கள். வயல் விதைப்புக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு, எலிக்காய்ச்சலுக்கான தடுப்புக் குளிசை பற்றிக் கேளுங்கள்.

கலந்துரையாடுவோம்

1. எமது கிராமத்தில் வழங்கும் 5 கைமருந்துகளைக் கூறுங்கள். அவற்றுள் எவை தீங்கற்றவை? எவை நேரத்தை வீணாக்கக்கூடியவை?
2. நடுச்சாமத்தில் ஒருவரைப் பாம்பு கடித்தால் யாருடைய வாகனம், யாருடைய தொலைபேசி? இன்றே பெயர்களை எழுதி வையுங்கள்.
3. ஊரிலுள்ள பரியாரியார் ஒருவரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் ஒரே கூட்டத்துக்கு அழைக்க முடியுமா? எந்த நோயாளியை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று இருவரும் உடன்பட்டால் ஊருக்கு என்ன நன்மை?
4. நல்ல நீர், மலசலகூடம், போக்குவரத்து ஆகிய மூன்றில் எமக்கு மிகவும் குறைவாயுள்ளது எது? அதனை யாரிடம், எப்போது, யார் போய்க் கேட்பது?