விதைநெல் அறையில் தரையீரம் ஏறாமற் காத்தல்

மன்னார்ப் பகுதிக் கமக்காரர் மாசி, பங்குனியில் அரிவு வெட்டிய காலபோக நெல்லில் விதைக்கென ஒதுக்குவதை ஐப்பசி விதைப்பு வரை ஏறக்குறைய எட்டு மாதம் வீட்டில் வைத்திருக்கின்றனர். களத்தில் நன்கு காய்ந்த நெல்லும் இவ்வெட்டு மாதத்துள் பழுதுபடுவதுண்டு. அடிச்சாக்கு பூஞ்சணம் பிடித்து, விதைத்த வயலில் பாதியும் முளையாத பின்னரே பலர் அதனை அறிகின்றனர். அப்பொழுது மறுமுறை விதைக்க நெல்லும் இல்லை, மழையும் காத்திராது.

நெல் தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சாரீரப்பதன் நூற்றுக்கு 75 அளவாயுள்ள இடத்தில் அது ஏறக்குறைய 14 வீத ஈரத்தில் நிலைகொள்ளும். விதைநெல்லுக்கோ 13 வீதத்துக்கு மேற்பட்ட ஈரம் ஆகாது. விதையில் ஈரம் ஒரு வீதம் குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதை நூலார் கண்ட பொதுவிதி. ஆதலின் தரையிலிருந்து ஏறும் சிறிதளவு ஈரமும் பெருங்கேட்டை விளைவிக்கும்.

குளிர்நாட்டு வீடுகளில் தரைக்குக் கீழே நிலவறை அமைத்து, அதன் சுவர் வியர்க்காதிருக்க வெப்பந் தடுக்கும் பலகைகளைப் பதிப்பர். மன்னார்த் தீவில் மணலைச் சில அடி தோண்டினாலே நீர் ஊறுமாகையால் நமக்கு நிலவறை இல்லை. ஆயினும் அங்குள்ளோர் கைக்கொள்ளும் ஒரு முறை நமக்கும் பொருந்தும்: முதலில் நீரைத் தடுத்தல், அதன் பின்னரே வெப்பத்தைத் தடுத்தல். ஈரத் தரையின்மேல் உமியைப் பரப்பி அதன்மேற் சாக்கை அடுக்குவோர் இம்முறையை மாற்றிச் செய்கின்றனர். உமி ஈரத்தைக் குடித்து, அந்துக்கும் வண்டுக்கும் இருப்பிடமாகும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

செலவு செய்யுமுன் இதனை அறிதல் வேண்டும். இரண்டடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றைத் தரையில் விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் நன்கு ஒட்டி இரண்டு நாள் விடுக. துண்டின் அடிப்புறம் நனைந்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. மேற்புறம் மட்டும் நனைந்திருந்தால் குற்றம் காற்றிலும் கூரையிலும் உள்ளது. தரைக்குப் பணஞ் செலவிடுதல் வீண். இரவில் தகரக் கூரை குளிர்ந்து அதன் அடியில் நீர் துளிர்த்துச் சாக்கின்மேற் சொட்டுவதைப் பலரும் கண்டிருப்பர். அதற்குத் தகரத்தின் கீழ்ப் பனையோலைப் பாயால் மறைப்புக் கட்டுதல் போதும். இச்சோதனையை மாரியிற் செய்தலே தக்கது. ஆனி, ஆடியில் உலர்ந்து தோன்றும் தரை கார்த்திகையில் வேறாகும்.

எதனைத் தெரிவது?

எவ்வளவு நெல் வைக்கவேண்டும் என்பதை முதலிற் கணக்கிடுக. வீசி விதைப்பதற்கு ஏக்கருக்கு 2 புசல் என்றால், 5 ஏக்கருக்கு 10 புசல்; அதாவது ஏறக்குறைய 210 கிலோ, ஐந்து சாக்கு. ஐந்து சாக்குக்காக ஓர் அறையின் தரை முழுவதையும் உடைத்துக் கட்டுவதை நாம் ஆதரிப்பதில்லை. வைரமேறிய பனஞ்சிலாகைகளைக் கற்களின்மேல் அடுக்கி, தரைக்கு மேல் அரை அடி உயரமாகப் பரண் அமைத்து, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தால் காற்று அடியிற் செல்லும். பனை நம்மிடமே உள்ளது. கூலியும் ஒரு நாட் கூலியே. வைரமில்லாச் சிலாகையைக் கறையான் தின்றுவிடும்.

இதனோடு காற்றுப் புகாத விதைப்பையும் சேர்ந்தால் மிக நன்று. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இப்பைகள் சாக்கின் உள்ளே வைக்கப்படுவன. நெல்லை நன்கு காயவைத்த பின்னரே பையைக் கட்டுதல் வேண்டும். ஈரநெல்லைக் கட்டினால் உள்ளேயே அவிந்துவிடும். காய்ந்ததை அறிய, உலர்ந்த போத்தலில் நெல்லையும் உப்பையும் இட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் வைக்க. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாவிடினும் விதைநெல்லை மேலும் ஒரு வெயில் காட்டுதல் நலம். மன்னாரில் உப்புக்குப் பஞ்சமில்லை எனினும், அதனை முதலில் வறுத்துக்கொள்க. கடற்காற்றில் உப்பே கசிந்திருக்கும்.

உணவு நெல்லையும் சேர்த்துப் பல பத்துச் சாக்கு வைப்போருக்கே தரையிடுதல் தகும். 12 அடிக்கு 10 அடி அறையை எடுத்துக்கொள்வோம். கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலித்தீனைச் சுவரில் அரை அடி ஏறும்படி விரிக்க 143 சதுர அடி வேண்டும். பொருத்து இருப்பின் அங்கும் அரை அடி ஒன்றன்மேல் ஒன்று படிதல் வேண்டும். அதன்மேல் 2 அங்குலக் கொங்கிறீற்று 20 கன அடியாகும். 1:2:4 கலவைக்கு 50 கிலோச் சீமெந்து 4 பை, மணல் 9 கன அடி, சல்லி 18 கன அடி; மேற்பூச்சுக்குச் சீமெந்து மேலும் ஒன்றரைப் பையும் 5 கன அடி மணலும் எடுக்கும். கடற்கரை மணலை எக்காரணத்தாலும் சேர்க்கற்க. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தரையை என்றும் கசியச் செய்யும். அனுமதியுடன் எடுக்கப்பட்ட அருவியாற்று மணலுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இலாபமே.

முருங்கன், நானாட்டான் பகுதியார் இன்னொரு செலவையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். அங்குள்ள கருங்களி மாரியில் ஊதிக் கோடையில் வெடிக்கும். காங்கேசன்துறைச் சீமெந்துக்கு ஒரு காலத்தில் உதவிய அக்களியே அதன்மேல் இட்ட சீமெந்துத் தரையைப் பிளந்துவிடும். ஆதலின் இரண்டடி ஆழம் களியை அகற்றிக் கிரவல் நிரப்பி இடித்து, மழைநீர் சுவரடியில் நில்லாதபடி வெளியே சரிவும் வாய்க்காலும் அமைத்தல் வேண்டும். இவ்வேலை தரையினும் அதிகம் செலவாகலாம். அங்குள்ளோருக்குப் பரணே சிக்கனம் என்பது எமது கருத்து.

பொருள், கூலி, ஏற்றுக்கூலி மூன்றையும் இன்றைய விலைக்குக் கூட்டி, அதனுடன் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்காகச் சேர்க்க. அத்தொகையைப் பத்து ஆண்டுகளாற் பிரித்து வருவதை, ஆண்டுதோறும் கெடும் நெல்லின் விலையோடு ஒப்பிட்டால் எது தகுமென விளங்கும். வெங்காயக் கமக்காரருக்கு இக்கணக்குப் பொருந்தாது. வெங்காயத்துக்குக் காற்றோட்டமுள்ள பரணே வேண்டும், மூடிய அறையன்று.

தரை இட்டாலும் சாக்கைப் பரணின்மேலேயே வைக்க. தரைவேலையை வைகாசி முதல் ஆவணிக்குள் முடித்து, நன்கு உலரவிட்ட பின்னரே நெல்லை உள்ளே கொண்டுவருக. புரட்டாதி முற்பகுதியில் 100 நெல்மணிகளை ஈரத்துணியிற் பொதிந்து ஏழு நாளில் முளைத்தவற்றை எண்ணுக. 85-க்குக் குறைந்தால், வேறு விதை தேட அப்பொழுது இன்னும் ஒரு மாதம் இருக்கும்.