கடனுக்குக் கொடுத்த சரக்கும் காலவரம்பும்

கிராமத் தொழில்கள் பெருகப் பெருக, தொழில் செய்வோர் ஒருவருக்கொருவர் சரக்கைக் கடனாகக் கொடுத்து வாங்குவதும் பெருகி வருகின்றது. கயிற்று ஆலை வைத்திருப்பவர் நகரத்து மொத்த வியாபாரிக்குக் கயிறு அனுப்புகிறார். சூளைக்காரர் கட்டட ஒப்பந்தக்காரருக்குச் செங்கல் இறக்குகிறார். பணம் பிறகு வரும் என்பது வாய்ப்பேச்சு. வராமற் போன பின்னரே கணக்கு நோட்டைத் தேடுகிறார்கள். நியாயம் உள்ளவரே இவ்வழக்குகளில் தோற்பதுண்டு. அதற்குப் பெரும்பாலும் ருசுக் குறைவோ, காலம் கடந்து விடுவதோ காரணமாகின்றது.

நமது பேரேட்டில் பற்று எழுதியிருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்கின்றனர். போதாது. ஒழுங்காக எழுதி வரும் கணக்கும் தனித்து நின்று ஒருவரைக் கடனாளி ஆக்காது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் கூறிற்று; அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அவ்வாறே கூறுகிறது. ஆகவே சரக்கு இறங்கிய இடத்தில் பெற்றுக்கொண்டவரின் கையொப்பமுள்ள சலான், லாரி ரசீது, பில் ஆகியவை கணக்குக்குத் துணையாக நிற்க வேண்டும். “சரக்கு மட்டம்” என்பது பிரதிவாதிகள் வழக்கமாகச் சொல்லும் வாதம். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, நியாயமான காலத்திற்குள் வேண்டாமென்று தெரிவிக்காமல் சரக்கை வைத்துக்கொண்டவர் அதனை ஏற்றுக்கொண்டவராகிறார். குறைபாட்டுக்காக விலையில் கழிவு கேட்கலாமேயன்றி, சரக்கையே வேண்டாமென்று சொல்ல அவருக்கு வழியில்லை.

இனிக் காலவரம்பு. கணக்கு நடப்பில் உள்ளவரை கடன் காலாவதியாகாது என்ற எண்ணம் நம் ஊர்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. இது பல குடும்பங்களின் முதலையே விழுங்கிய எண்ணம். 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, தவணை பேசாமல் விற்ற சரக்குக்கு அதை ஒப்படைத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். தவணை பேசியிருந்தால் அத்தவணை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்க மட்டுமே செய்யும் கணக்கில் ஒவ்வொரு பில்லுக்கும் காலம் தனித்தனியே ஓடுகிறது.

ஓர் உதாரணம் காண்போம். கயிற்று ஆலைக்காரர் தவணை பேசாமல் 2022 ஏப்ரல் 5-இல் ரூ.40,000, ஆகஸ்டு 10-இல் ரூ.60,000, 2023 பிப்ரவரி 1-இல் ரூ.50,000 பெறுமான சரக்கு அனுப்பினார் என்று கொள்வோம். வேறொன்றும் நடவாவிடில் முதற் பில்லுக்கு 2025 ஏப்ரலிலேயே வழி அடைபடுகிறது. வியாபாரி 2024 அக்டோபரில் ரூ.30,000-க்குக் காசோலை கொடுத்து, அது வங்கியில் பணமாகிறது. எந்தப் பில்லுக்கு என்று அவர் சொல்லவில்லை. அப்போது எதில் வரவு வைப்பது என்பது விற்றவர் விருப்பம். அவரும் சும்மாயிருந்தால் பழைய பில்லில் அது கழியும். காசோலையில் கொடுத்தவர் கையொப்பம் இருப்பதால் அப்பில்லின் மீதி ரூ.10,000-க்குப் புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். மற்ற இரண்டு பில்களுக்கும் அச்செலுத்துகை துணை செய்யும் என்று நம்பியிருப்பதற்கில்லை. அதற்குப் பதிலாக, “இன்று வரை பாக்கி ரூ.1,20,000” என்று எழுதி வியாபாரியிடம் அன்றே கையொப்பம் வாங்கியிருந்தால் முழுத் தொகைக்கும் அந்நாளிலிருந்து புதிய காலம் பிறந்திருக்கும். காலம் முடியுமுன் வாங்க வேண்டும் என்பது முக்கியம். முடிந்த பின் வெறும் ஒப்புதல் பயன்படாது, கொடுப்பதாகக் கையொப்பமிட்ட புதிய வாக்குறுதியே வேண்டும்.

கையொப்பம் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குகிறார்கள். சித்திரை முதல் நாளிலோ ஆயுத பூஜையிலோ புதுக்கணக்குத் தொடங்கும் வழக்கம் நமக்கு இருக்கிறது. பழைய பாக்கிக்குக் கையொப்பம் பெறுவதையும் அச்சடங்கோடு சேர்த்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இராது.

பொருள் உற்பத்தி செய்யும் சிறு தொழிலுக்கு மற்றொரு பாதுகாப்பும் உண்டு. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலினருக்கு, தவணை பேசாவிடில் 15 நாட்களுக்குள்ளும், எழுத்தில் பேசியிருந்தாலும் 45 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். வழக்கை வசதி மன்றத்தில் தொடுக்கலாம். சரக்கு கொடுக்குமுன்பே பதிவு செய்துகொள்வது நலம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்குப் பதிவு இருப்பினும் இச்சலுகை கிடையாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ரூ.3 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிக வழக்குகளில், அவசர நிவாரணம் கோராவிடில், வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி நடக்கும் அப்பேச்சுக்குச் செல்லும் நாட்கள் காலவரம்பில் சேரா. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் “அறுவடை வரட்டும், தை பிறக்கட்டும்” என்று தள்ளிக்கொண்டே போகும் நாட்கள் சேரும். ஆதலால் இத்தகைய பேச்சுக்கு அமரும் அங்கத்தினர்கள், முதல் நாளன்றே பாக்கித் தொகையையும் தேதியையும் எழுதச் செய்து கடன்பட்டவரின் கையொப்பம் பெற்ற பிறகு மற்றவற்றைப் பேசத் தொடங்கலாம்.