பூனை கேட்டு வருபவரிடம் ரிட்டயர்மென்ட் தேதி கேளுங்கள்

கேள்வி: நெய்வேலி டவுன்ஷிப்பில் இருபத்தெட்டு வருடமாகக் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் வரும் ஜூலை 31 அன்று என்.எல்.சி.யில் ஓய்வு பெறுகிறார். அதன் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு விருத்தாசலம் பக்கம் கட்டியிருக்கும் சொந்த வீட்டுக்குப் போகிறோம். எங்கள் தோட்டத்து ஷெட்டில் மூன்று வருடமாக ஒரு முக்கலர் பூனை இருக்கிறது. நான் வைக்கும் சோறும் மீனும்தான் அதற்கு. தடவ விடும், மடிக்கு வராது. முன்பு போட்ட குட்டிகளெல்லாம் கொஞ்சம் வளர்ந்ததும் தானாகவே எங்கோ போய்விட்டன. இந்தச் சித்திரை முதல் வாரத்தில் மறுபடி நாலு குட்டி: ரெண்டு ஆரஞ்சு, ஒன்று கறுப்பு, ஒன்று தாயைப் போலவே. இது போதாதென்று, நேற்று முன்தினம் என் மகள் மெயின் பஜாரில் சாக்கடை ஓரமாகக் கத்திக்கொண்டிருந்த ஒரு குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்துவிட்டாள். அதற்குக் கண் ரெண்டும் ஒட்டிக் கிடக்கிறது. அதையும் தாய்ப்பூனையிடமே விட்டுவிடலாமா? ஐந்துக்கும் எப்படி வீடு தேடுவது? என் வீட்டுக்காரர், “வடலூரில் கொண்டுபோய் விடு, தருமசாலை இருக்கும் ஊரில் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்” என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.
— ஒரு வாசகி, நெய்வேலி

பதில்: சாக்கடைக் குட்டியிலிருந்து தொடங்குகிறேன், அம்மா. மற்ற நாலுக்கும் நாள் இருக்கிறது, அதற்கு இல்லை.

அதைத் தாய்ப்பூனையிடம் விடாதீர்கள். தாய் ஏற்றுக்கொள்ளாது என்பதற்காகச் சொல்லவில்லை. பால் சுரக்கும் பூனை பெரும்பாலும் அடுத்தவள் குட்டியையும் நக்கிச் சேர்த்துக்கொள்ளும். பயம் வேறு. பூனைகளுக்கு நாய்ப் பார்வோவின் பங்காளியான ஒரு வைரஸ் கழிச்சல் வரும். வெளியில் அடிபட்டு வந்த குட்டிக்குள் அது இருந்தால் முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. பிறகு திடீரென்று வாந்தி; தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டபடி குடிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். அதற்குள் உங்கள் நாலு குட்டிக்கும் தொற்றியிருக்கும். ஒரு ஈத்து முழுக்க மூன்றே நாளில் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இரண்டு வாரம் அந்தக் குட்டிக்குத் தனி அறை, தனிக் கிண்ணம், தனித் துணி. அதைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஷெட்டுப் பக்கம் போகக் கூடாது. அறையைத் துடைக்க ஃபினாயில் வேண்டாம், அது பூனைக்கே விஷம். தரையை முதலில் கழுவிவிட்டு, நீர்த்த பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். காய்ந்த பிறகு குட்டியை விடுங்கள்.

கண்ணுக்கு: கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒட்டியிருக்கும் இமைமேல் ஒரு நிமிடம் வைத்திருங்கள். பொருக்கு இளகியதும் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். பிய்க்கக் கூடாது. அப்படியே கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் தரும் சொட்டு மருந்தை மட்டும் போடுங்கள். வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் புண்ணுள்ள கண் போயே போய்விடும். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை வளர்ந்த பூனையையே கொன்றுவிடும்.

வாயைத் திறந்து பாருங்கள். கடைவாய்ப் பக்கம் பல் எட்டிப் பார்த்தால் ஐந்து வாரக் குட்டி. முள் எடுத்து, உப்புப் போடாமல் வேகவைத்து மசித்த மீனைத் தானே நக்கித் தின்னும். முன்பல் மட்டும் என்றால் பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால் பவுடர்தான் வேண்டும். பசும்பால் வயிற்றைக் கலக்கிவிடும். குட்டியைக் குழந்தை போல மல்லாத்திப் பிடித்துப் பால் புகட்டினால் நுரையீரலுக்குள் போகும். குப்புறக் கிடந்தபடிதான் குடிக்க வேண்டும். உடம்பு ஜில்லென்றிருந்தால் முதலில் சூடு, பிறகுதான் பால்.

இனி வடலூர். உங்கள் வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது தெரிகிறது. 1867-இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை, உண்மைதான். ஆனால் அங்கே வேகிறது சைவச் சாப்பாடு. பூனைக்கு இறைச்சியோ மீனோ இல்லாமல் முடியாது. டாரின் என்ற சத்தை அதன் உடம்பு போதிய அளவு தயாரித்துக்கொள்ளாது. அது கிடைக்காத பூனைக்கு நாளடைவில் கண் போகும், இதயம் பெருத்துத் தளரும். சோறு கிடைக்கும் என்பது மனிதக் கணக்கு. பழக்கமில்லாத இடத்தில் இறக்கிவிட்ட பூனை சோற்றைத் தேடுவதில்லை, ஒளிந்துகொள்ள இடம் தேடும். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் பதுங்கிக் கிடக்கும். வெளியே வந்தால் அந்த இடத்துப் பூனையும் நாயும் விரட்டும். எட்டு வாரக் குட்டிக்கு அது ஒரு ராத்திரிக் கதை. பட்டினி கிடக்கும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம் என்பதையும் அவர் காதில் போட்டு வையுங்கள்.

“தானாகவே எங்கோ போய்விட்டன” என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தப்படாதீர்கள், உண்மையைச் சொல்கிறேன்: அப்படிப் போன குட்டிகளில் முக்கால்வாசி செத்திருக்கும்.

சென்னையில் புளூ கிராஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 1959-இல் தொடங்கிய, மதிப்புக்குரிய அமைப்பு. ஆனால் காப்பகம் என்பது அடிபட்டவற்றுக்கும் நோயுற்றவற்றுக்குமான இடம். ஆரோக்கியமான குட்டிகளை இருநூறு கிலோமீட்டர் கொண்டுபோய், நூற்றுக்கணக்கான விலங்குகள் நடுவே விட்டால் நோயோடுதான் அவற்றின் புது வாழ்வு தொடங்கும். உங்கள் தோட்டம் அதைவிட நல்ல காப்பகம்.

உங்களுக்கு நாள் கணக்கு தோதாகவே அமைந்திருக்கிறது. குட்டிகளுக்கு இப்போது மூன்று வாரம். மனிதர் கை பழகுவதற்கு இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் நல்ல காலம். அதைத் தவறவிட்டால் சீறும் குட்டிகளாகிவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் அடுப்பு மாதிரி இருக்கும் என்பதால் ஓர் அட்டைப்பெட்டியைப் பின்பக்க வராந்தாவின் நிழலில் வைத்து, தாய்க்கு அங்கேயே சாப்பாடு போடுங்கள். குட்டிகளைக் கவ்வி வந்து அதுவே குடியேறிவிடும். வந்ததும் தினமும் வீட்டில் ஆளாளுக்குக் கொஞ்ச நேரம் குட்டிகளைக் கையில் எடுக்கட்டும். ஆனி பிறக்கும்போது எட்டு வாரம் முடிந்திருக்கும். பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் போட்டுவிட்டு, ஆனி மாதத்துக்குள் கொடுத்து முடித்துவிடுங்கள். ஆடி பிறந்துவிட்டால், “ஆடியில் புதுசா எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்” என்று பாதிப் பேர் பின்வாங்குவார்கள். அதே சமயம், மே லீவில் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று இப்போதே யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். தாயிடமிருந்து ஐந்தாம் வாரத்தில் பிரித்த குட்டிக்குக் கடிப்பதன் அளவு தெரியாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் அதைக் கவனிக்க ஆளும் இருக்காது.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் நான் ஒருமுறை சறுக்கினேன். சில வருடங்களுக்கு முன் உங்கள் டவுன்ஷிப்பிலேயே ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்குட்டி கொடுத்தேன். அருமையான மனிதர்கள். வீட்டைப் பார்த்தேன், நாய் இல்லை, பிள்ளைகள் முரடில்லை, தடுப்பூசி போடச் சம்மதம். எல்லாம் கேட்டேன். பத்து மாதம் கழித்து அதே தெருவுக்கு ஒரு மாட்டைப் பார்க்கப் போனபோது அந்தக் குவார்ட்டர்ஸ் பூட்டியிருந்தது. வாசற்படியில் காய்ந்துபோன துளசித் தொட்டி. அதன் நிழலில், கதவைப் பார்த்தபடி அந்தப் பூனை. கழுத்தில் நான் கட்டிவிட்ட நீலப் பட்டை இறுகிக் கிடந்தது. அவர்கள் ஓய்வு பெற்று மகனோடு பெங்களூர் அப்பார்ட்மென்டுக்குப் போய் மூன்று மாதமாகியிருந்தது. எதிர்வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்களாம். எதிர்வீட்டுக்காரரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

அதன்பின் நெய்வேலியில் பூனை கேட்டு யார் வந்தாலும் என் முதல் கேள்வி, “உங்களுக்கு ரிட்டயர்மென்ட் எந்த வருஷம்?” உங்கள் ஊரில் இந்தக் கேள்வியை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பேச்சே அதில்தானே தொடங்குகிறது. வீட்டுக்குள் வளரும் பூனை பதினைந்து வருடம் இருக்கும். ஓய்வு வயது அறுபது. நாற்பத்தைந்து வயதுக்காரருக்குப் பூனையின் ஆயுளும் சர்வீஸும் ஏறக்குறைய ஒன்றாக முடியும்! ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்குத் தரவே கூடாது என்றில்லை. எங்கே போய்க் குடியேறுவீர்கள், அங்கே பூனையும் வருமா என்று கேளுங்கள். மந்தாரக்குப்பத்திலோ குறிஞ்சிப்பாடியிலோ சொந்த வீடு உள்ளவர், டவுன்ஷிப்பின் பெரிய பங்களாக்காரரைவிட நல்ல இடமாகக்கூட இருக்கலாம்.

எலிக்காகக் கேட்பவர்கள் வருவார்கள். தோட்டமும் மரமுமாக இருக்கும் ஊரில் அது நியாயமான தேவைதான். எலி மருந்தும் வைப்பீர்களா என்று மட்டும் கேளுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்னும் பூனையும் செத்துப்போகும். “நாங்கள் சைவம், தயிர்ச்சோறு போடுவோம்” என்பவர்கள் பூனைக்கென்று விற்கும் தீவனத்தை வாங்கிப் போடச் சம்மதித்தால் கொடுங்கள். மாமியார்கள் தொண்டை அடைப்பான் வரும் என்பார்கள். அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமியால் வருவது, பூனை முடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வீட்டில் யாருக்காவது ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தால் அதை அலட்சியமாகப் பேசிச் சமாளிக்காதீர்கள். பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்கள் முதலில் உங்கள் வராந்தாவில் ஒரு மணி நேரம் குட்டிகளோடு உட்கார்ந்து பார்க்கட்டும். கர்ப்பிணி உள்ள வீடு என்றால் பூனையின் மலமண்ணை வேறு யாராவது தினமும் அள்ளிவிட வேண்டும்.

எல்லோரும் ஆரஞ்சைத்தான் கேட்பார்கள். கறுப்பு கடைசிவரை நிற்கும்; சகுனம் பார்க்கிற ஊர் நம்முடையது. நான் செய்யும் தந்திரம் இது: கறுப்பை ஆரஞ்சோடு சேர்த்து ஜோடியாகத்தான் கொடுப்பேன், தனியாகக் கேட்டால் தர மாட்டேன். இது வெறும் தந்திரமும் இல்லை. ஒற்றைக் குட்டி ராத்திரியெல்லாம் கத்தும், விளையாட ஆளில்லாமல் வீட்டாரின் கையையும் காலையும் கடிக்கும். இரண்டு என்றால் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும். ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். வாலைத் தூக்கிப் பாருங்கள்: முக்காற்புள்ளி போல இரண்டு புள்ளி என்றால் ஆண், ஆச்சரியக்குறியைத் தலைகீழாக்கியது போல என்றால் பெண். முக்கலர் குட்டியை வாலைத் தூக்காமலே பெண் என்று சொல்லிவிடலாம், ஆண் என்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

வாட்ஸ்அப்பில் போடும் படத்தைக் காலை வெயிலில், தரையில் உட்கார்ந்து, குட்டியின் கண் உயரத்தில் எடுங்கள். “பாவம், அனாதை, காப்பாற்றுங்கள்” என்று எழுதினால் பாவம் பார்ப்பவர்கள் வருவார்கள். பாவம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். “கறுப்பு ஆண், எட்டு வாரம், மண் தட்டில் போகப் பழகியவன், மிக்ஸி சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் ஓடுவான், பிறகு அவனே வந்து மடியில் ஏறுவான்” என்று எழுதுங்கள். அப்படி ஒரு பூனையோடு வாழத் தெரிந்தவர்தான் கூப்பிடுவார். இலவசம் என்ற சொல்லே வேண்டாம். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், அந்தச் சாக்கில் வீட்டைப் பார்த்துவிடலாம். நாலு மாதம் முடிந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்ய வேண்டும், செலவில் பாதி நான் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும். வளர்க்க முடியாமல் போனால் என்னிடமே திருப்பிக் கொடுங்கள் என்று கடைசியாக ஒரு வார்த்தை.

தாயைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடி சினை பிடிக்கும், சினைக்காலம் ஒன்பதே வாரம். இப்போது விட்டால், வீட்டுக்காரர் பிரிவு உபசார மாலையோடு வீடு திரும்பும் நாளில் ஷெட்டில் அடுத்த ஈத்து கிடக்கும். கடுவன்கள் சுற்றும் ராத்திரிகளில் அதை வராந்தாவுக்குள்ளேயே அடைத்து வையுங்கள். குட்டிகள் தாமே சாப்பிடத் தொடங்கிப் பால் வற்றியதும், ஆனி நடுவில் ஆபரேஷன். உள்ளூர் மருத்துவர் செய்யவில்லையென்றால் புதுச்சேரி குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போன் செய்து நாள் கேட்டுக்கொண்டு போங்கள்.

அதன் பிறகு அதையும் விருத்தாசலத்துக்கு அழைத்துப் போங்கள் என்பேன். பூனைக்கு வீடுதான் சொந்தம், ஆள் இல்லை என்று சொல்வது பாதிதான் உண்மை. மூன்று வருடம் கைக்கு எட்டிய பூனை, புது வீட்டில் ஒரே அறையில் மூன்று நாலு வாரம் அடைபட்டிருந்து, உங்கள் குரலும் உங்கள் கைச் சோறும் அங்கேயும் உண்டு என்று தெரிந்துகொண்டால் தங்கிவிடும். முதல் நாளே கதவைத் திறந்துவிட்டால் நெய்வேலியை நோக்கி நடக்கத் தொடங்கும். கூடையை மட்டும் கடைசி நாள் வாங்காதீர்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்றை இந்த வாரமே வாங்கி, உங்கள் பழைய நூல்புடவை ஒன்றை உள்ளே விரித்து, மூடியைக் கழற்றி வராந்தாவில் வைத்துவிடுங்கள். தினமும் மீனை அதற்குள்ளேயே போடுங்கள். ஜூலைக்குள் அது அதில்தான் தூங்கிக்கொண்டிருக்கும்.