கத்தி பட்டால் பரவுமா?

வயிற்றுக்குள் கட்டி என்று ஸ்கேனில் வந்துவிட்டால், அந்த ரிப்போர்ட் டாக்டர் கைக்குப் போவதற்குள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி முடித்துவிடுவார்கள். அவற்றில் சில அப்பட்டமான பொய்கள். சில பாதி உண்மை. அதிகக் கெடுதல் செய்வது அந்தப் பாதி உண்மைகள்தான்.

நம்பிக்கை: நீர்க்கட்டிதானே, கழற்சிக்காய் சாப்பிட்டால் கரைந்துவிடும்.

இளம்பெண்களுக்குப் பிசிஓடி என்று ஸ்கேனில் வருபவை கட்டிகளே அல்ல. முழுதாக வளராத சினைமுட்டைப் பைகள். மாதவிடாய்ச் சுழற்சியை ஒட்டி சினைப்பையில் தோன்றும் சாதாரண நீர்க்கட்டிகளும் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தாமாகவே வற்றிவிடும். அந்தப் பெருமை கழற்சிக்காய்க்குப் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு அரிய வகைக் கட்டிகளிடம் செல்லாது. கணையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே வரும் ஒருவகைக் கட்டியில் தெளிந்த நீர் மட்டும் இருக்கும். அது புற்றுநோயாவது மிக மிக அரிது, தொந்தரவு தராவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். இன்னொன்றில் கோழை இருக்கும். ஏறக்குறைய பெண்களுக்கே, அதுவும் நடுவயதில், கணையத்தின் நடுப்பகுதியிலோ வால்பகுதியிலோ வரும் இது நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடியது. மூன்றாவது வகை இளம்பெண்களுக்கு வருவது. 1959இல் வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் இதை விவரித்தார். பார்க்கப் பயமுறுத்தும் அளவில் இருந்தாலும், முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். மூன்றுமே முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கணையத்தில் சிஸ்ட்’ என்று ஒரே வரியில் வரலாம். எது எதுவென்று பிரித்தறிவதில்தான் சிகிச்சையே இருக்கிறது.

நம்பிக்கை: இவ்வளவு பெரிதாக இருந்தால் புற்றுநோய்தான்.

இல்லை. 1809 டிசம்பரில், அமெரிக்காவின் கென்டக்கியில், ஜேன் டாட் க்ராஃபோர்ட் என்ற பெண்மணிக்குப் பிரசவத் தேதி தள்ளிப்போகிறது என்றுதான் மற்ற மருத்துவர்கள் நினைத்தார்கள். சினைப்பைக் கட்டி என்று கண்டுபிடித்தவர் எஃப்ரெய்ம் மெக்டவல். மயக்க மருந்து வராத காலம். சுமார் 10 கிலோ எடையுள்ள கட்டியை அவர் அகற்றினார். அதில் பெரும்பகுதி ஜெல்லி போன்ற பொருள் என்று அவரே எழுதியிருக்கிறார். கட்டியை வயிற்றுக்குள்ளேயே கீறி வடித்துவிட்டுத்தான் வெளியே எடுத்தார். இன்றைய அறுவை மருத்துவர் கேட்டால் தலையில் கைவைத்துக்கொள்வார். ஆனால் அந்தப் பெண்மணி அதன்பின் 30 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். அளவைவிட, கட்டியின் சுவர் தடித்திருக்கிறதா, உள்ளே திடமான பகுதி இருக்கிறதா என்பதையே ஸ்கேனில் முக்கியமாகத் தேடுவார்கள்.

நம்பிக்கை: ஆபரேஷன் எதற்கு? ஊசி குத்தி நீரை உறிஞ்சிவிட்டால் போதும்.

கணைய அழற்சிக்குப் பிறகு தேங்கும் திரவத்துக்கு இது ஓரளவு பொருந்தும். அந்தத் தேக்கத்துக்குச் சொந்தமாகச் சுரக்கும் உட்படலம் கிடையாது. தொந்தரவு தந்தால் எண்டோஸ்கோப்பி வழியாக இரைப்பைக்குள் வடித்துவிடலாம். கோழைக் கட்டிக்கோ அந்தப் படலம் உண்டு. வடித்தால் மறுபடி நிரம்பும். கணைய அழற்சியே வராத ஒருவருக்கு இதை வெறும் திரவத் தேக்கம் என்று நினைத்து வடித்துவிட்டு மாதங்களை இழப்பது மருத்துவப் பாடநூல்கள் எச்சரிக்கும் பிழை. புற்றுநோயோ என்ற ஐயமுள்ள சினைப்பைக் கட்டியை ஊசியால் குத்துவது அதைவிட மோசம்: உள்ளிருப்பது வயிற்றுக்குள் சிந்தினால் முதல் நிலை நோயே அந்த நிலைக்குள் ஒரு படி ஏறிவிடும். நாயின் மலத்தின் வழியாக முட்டை உடலுக்குள் போய் கல்லீரலில் வளரும் ஒட்டுண்ணிக் கட்டி புற்றுநோயே இல்லை. ஆனாலும் முன்னேற்பாடு இல்லாமல் அதைக் குத்தினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம்.

ஆக, ஊசி வேண்டவே வேண்டாமா? கணையக் கட்டியில் எண்டோஸ்கோப்பி வழியாக மெல்லிய ஊசி செலுத்திச் சிறிது திரவம் எடுப்பது உண்டு. அது நோயைக் கண்டறிய, தீர்க்க அல்ல.

நம்பிக்கை: ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

சிஏ 125 கூடுதலாக இருந்தால் சினைப்பைப் புற்றுநோய் என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. அது வயிற்றுக் காசநோயிலும், எண்டோமெட்ரியோசிஸிலும், ஏன், மாதவிடாய் நாள்களிலும்கூட உயரும். ஆரம்பநிலைப் புற்றுநோயில் உயராமலும் இருக்கும்.

நம்பிக்கை: கத்தி பட்டால் பரவும்.

பாதி உண்மை என்றேனே, அது இதுதான். கத்தி பட்டால் பரவாது. கட்டி உடைந்தால் பரவலாம். கத்தியே படாமல் தானாகவும் உடையும்.

குடல்வாலில் அரிதாக வரும் கோழைக் கட்டியைப் பாருங்கள். உள்ளே அழுத்தம் கூடி ஒருநாள் கசிகிறது. கசிந்த செல்கள் வயிற்றறை முழுக்க ஒட்டிக்கொண்டு, ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சி போன்ற கோழையை ஆண்டுக்கணக்கில் சுரக்கின்றன. சூடோமிக்ஸோமா பெரிட்டோனி என்று இதற்குப் பெயர். வயிறு உப்புவதைத் தொப்பை என்று விட்டுவிடுவோம். ஆண்கள் சிலருக்குக் குடலிறக்க ஆபரேஷனின்போது, அந்தப் பைக்குள் கோழையைக் கண்டுதான் நோயே தெரியவருகிறது. பெண்களுக்குச் சினைப்பைக் கட்டி என்று தோன்றும். ஆனால் பெரும்பாலும் மூலம் குடல்வால். நடிகை ஆட்ரி ஹெப்பர்னுக்கு வந்தது இவ்வகை நோய்தான். 1992 நவம்பரில் ஆபரேஷன் நடந்தது. 1993 ஜனவரியில் 63 வயதில் காலமானார்.

‘பார்த்தீர்களா, ஆபரேஷன் செய்தார்கள், போய்விட்டார்’ என்று இதையே கத்திக்கு எதிரான சாட்சியாகச் சொல்வார்கள். நோய் அதற்குள் நெடுந்தூரம் போயிருந்தது என்பதே உண்மை. இன்றும் இதற்கு முதன்மையான மருந்து கத்திதான். அமெரிக்க அறுவை மருத்துவர் பால் ஷுகர்பேக்கர் முன்னெடுத்த முறையில், கண்ணுக்குத் தெரியும் நோயையெல்லாம் பல மணிநேரம் செதுக்கி எடுப்பார்கள். பிறகு 41 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிய கீமோ மருந்தை ஒருமணி அல்லது ஒன்றரை மணிநேரம் வயிற்றுக்குள்ளேயே சுழலவிடுவார்கள். 2012இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இந்த வழியில் சிகிச்சை பெற்ற 2,298 பேரில் 10 ஆண்டு உயிர்வாழ்வு விகிதம் 63 சதவீதம். லேசான ஆபரேஷன் இல்லை, சிக்கல்கள் உண்டு. சென்னை உட்பட நம் பெருநகரங்களில் செய்கிறார்கள் என்றாலும், இதில் பழகிய குழுவிடம்தான் போகவேண்டும்.

கசிவதற்கு முன்பே, குடல்வாலை உடையாமல் முழுதாக எடுத்துவிட்டால் பலருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும். இந்தக் கட்டி சாதாரணக் குடல்வால் அழற்சி போலவே வலி தந்து, அவசர ஆபரேஷனில் எடுக்கப்பட்டு, பரிசோதனைக்கூடத்தில்தான் அடையாளம் தெரிவதும் உண்டு. நாமோ தையல் பிரித்த அன்றே ஆஸ்பத்திரியை மறந்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் யாருக்காவது குடல்வாலையோ வயிற்றுக் கட்டியையோ எடுத்திருந்தால், பயாப்சி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள், டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.