லாக் படிக்கக் கத்துக்குவோம்: கூடங்குளம் சொல்லும் பாடம்

ஊத்துக்கோட்டை பக்கம் ஜீரோ பாயின்ட் கேள்விப்பட்டிருப்பீங்க. கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடம். விநாடிக்கு எத்தனை கன அடி வருதுன்னு அங்கே அளக்கிறாங்க. அளவு திடீர்னு மாறினா, மேலே எங்கேயோ ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தம். செக்யூரிட்டி மானிட்டரிங் வேலையும் இதேதான். தண்ணீருக்குப் பதில் லாக்.

நடந்தது என்ன?

2019 அக்டோபர் 28 அன்று, டிடிராக் என்ற மால்வேர் கூடங்குளம் அணுமின் நிலையத்தைத் தொட்டிருக்குன்னு செய்தி பரவியது. மறுநாள் நிலையம் மறுத்தது. 30-ம் தேதி இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-ம் தேதியே தகவல் சொல்லியிருந்ததாம். பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள கம்ப்யூட்டர். உலையின் கட்டுப்பாட்டு நெட்வொர்க் தனி.

ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. வெளியான மால்வேர் மாதிரிக்குள்ளேயே நிலையத்தின் உள் ஐபி முகவரி, அட்மின் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் எழுதப்பட்டிருந்தது. 'நெட் யூஸ்' கட்டளை வழியா இன்னொரு கம்ப்யூட்டரின் சி டிரைவைத் திறக்கத்தான் அது. அதாவது, அந்த விவரங்களை யாரோ முன்னாடியே எடுத்துட்டாங்க.

எப்படிப் பிடிக்கலாம்?

விண்டோஸில் மூணு ஈவென்ட் எண்களை ஞாபகம் வைங்க. 4624: லாகின் ஆனது (டைப் 3 என்றால் நெட்வொர்க் வழியா). 5140: ஷேர் ஃபோல்டர் திறக்கப்பட்டது. 4688: புது புராசஸ் தொடங்கியது. முழுக் கட்டளை வரியும் 4688-ல் தெரியணும்னா தனியா ஒரு செட்டிங்கை ஆன் பண்ணணும். பல பேர் இதை மறந்துடுறாங்க.

என் மினி புராஜெக்ட்டில் 'அட்மின் ஷேரைத் தொட்டால் அலர்ட்'னு ரூல் எழுதினேன். ராத்திரி முழுக்க அலர்ட். பார்த்தா, பேக்கப் சாஃப்ட்வேர்! கடுப்பில் ரூலையே ஆஃப் பண்ணிட்டேன். சீனியர் அண்ணா கேட்டார்: "திருடன் இப்போ வந்தா உனக்கு எப்படிடா தெரியும்?" அதுக்கப்புறம் பேக்கப் அக்கவுன்ட், அந்த ஒரு சர்வர், அந்த நேரம் - மூணும் சேர்ந்தால் மட்டும் விலக்குன்னு மாத்தினேன். அதே அக்கவுன்ட் வேற மெஷினிலிருந்து வந்தா அலர்ட் அடிக்கும்.

நமக்கு ஏன் இது?

நம்மில் பல பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போவோம். "இது தனி நெட்வொர்க், ஒண்ணும் ஆகாது"ன்னு யாராவது சொன்னா, லாக் எங்கே சேமிக்கிறீங்கன்னு கேளுங்க. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவுப்படி, சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லணும். லாக்கை 180 நாள் வைக்கணும். லாக் இல்லைன்னா எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் தேட இடமில்லை.

இன்னைக்கு ராத்திரி உங்க லேப்டாப்பில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி லாகில் 4624-ஐ வடிகட்டிப் பாருங்க. பெரும்பாலும் டைப் 5, விண்டோஸ் சர்வீஸ்கள்தான். அதுதான் உங்க வழக்கமான நீரோட்டம். அதைத் தெரிஞ்சவங்களுக்குத்தான் வித்தியாசம் கண்ணில் படும்.