பழைய சத்ரியா ஜிடிஐயின் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள்: கழற்றி எறியாமல் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் இளைஞருக்குக் கிடைக்கும் முதல் ஆலோசனை, "கன்வர்ட்டரை வெட்டி எடுத்துடு, காடி பறக்கும்" என்பதுதான். புரோட்டோன் 1998இல் கொண்டுவந்த சத்ரியா ஜிடிஐ இந்த ஆலோசனைக்கு எளிதில் இரையாகும் கார். 1,834 சிசி மிட்சுபிஷி 4ஜி93 என்ஜின், 138 குதிரைத்திறன், லோட்டஸ் செம்மைப்படுத்திய சஸ்பென்ஷன். புதிதாக வந்தபோது அது நன்றாகவே பறந்தது, புகையைச் சுத்தமாக்கும் அந்தக் கன்வர்ட்டரோடு.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பிறகு இழுவை குறைந்தால், பெரும்பாலும் காரணம் வெடித்த ரப்பர் குழாய், சோர்ந்த சென்சார், அடைத்துப்போன கன்வர்ட்டர் ஆகியவைதாம். அவற்றை மாற்றினால் தொழிற்சாலை கொடுத்த சக்தி திரும்பும். டர்போ இல்லாத இந்த என்ஜினில், நல்ல நிலையிலுள்ள கன்வர்ட்டரைக் கழற்றிக் கிடைக்கும் கூடுதல் சக்தி சொற்பம். சத்தமும் நாற்றமும்தான் மிச்சம்.

படி 1: உங்கள் காரில் என்ன இருந்தது?

எண்பதுகளின் கார்புரேட்டர் கார்கள் பலவற்றில் கன்வர்ட்டரே கிடையாது. அவற்றுக்கு இந்த வழிகாட்டியின் பாதிதான் பொருந்தும். பானட்டின் உட்புறத்தில் வேக்குவம் குழாய்களின் வரைபடம் ஒட்டப்பட்டிருந்தால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்பட்ட பழைய காரின் (ஹாஃப்-கட்) என்ஜின் பொருத்தப்பட்ட கார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த என்ஜினின் கணினி தனக்குரிய வால்வுகளையும் சென்சார்களையும் எதிர்பார்க்கும். பொருத்தியவர் பாதியைத் தொங்கவிட்டிருந்தால் முதல் கோளாறு அங்கேயே இருக்கிறது.

படி 2: தொடும் முன்

என்ஜின் முழுதும் ஆறட்டும். ஓடும்போது கன்வர்ட்டர் பல நூறு டிகிரிக்குச் சூடாகும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்ட் வையுங்கள். மூடிய கொட்டகையில் என்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மல்டிமீட்டர், வேக்குவம் கேஜ், கையால் இயக்கும் வேக்குவம் பம்ப், அழுத்தமானி, ரப்பர் சுத்தியல் ஆகியவை கையில் இருந்தால் போதும்.

படி 3: குழாய்கள்

நம் வெயிலும் என்ஜின் சூடும் சேர்ந்து ரப்பரைக் கல்லாக்கிவிடும். ஒவ்வொரு குழாயையும் மெல்ல வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அதே உள்விட்டமுள்ள புதுக் குழாயைப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றி மாற்றுங்கள். எல்லாவற்றையும் உருவிப் போட்டால் எது எங்கே என்று தெரியாமல் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத கசிவுக்குப் புகை சோதனைக் கருவி வைத்திருக்கும் பட்டறைக்குப் போவது நல்லது.

படி 4: பிசிவி வால்வு

பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவை மீண்டும் எரிப்பதற்கு அனுப்புவது இந்தச் சின்ன வால்வு. கழற்றிக் குலுக்கினால் டக் டக் என்று கேட்க வேண்டும். என்ஜின் ஓடும்போது வால்வின் வாயில் விரல் வைத்தால் இழுவை தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் புதிது வாங்குங்கள். இது அடைத்தால் உள்ளழுத்தம் ஏறி, எண்ணெய் சீல்களும் கேஸ்கெட்டுகளும் கசியத் தொடங்கும். எண்ணெய் பிடிக்கும் டப்பா வைக்க ஆசைப்பட்டால், அதன் மறுமுனையைத் திரும்ப என்ஜினுக்கே இணையுங்கள். காற்றில் திறந்துவிடுவது தவறு.

படி 5: கரி டப்பா

பெட்ரோல் தொட்டியின் ஆவியைப் பிடித்துவைப்பது செயலூட்டிய கரி நிரம்பிய டப்பா. "பயனில்லாத எடை" என்று முதலில் தூக்கி எறியப்படுவது இதுதான். தாமான் வீடுகளில் கார் நிற்பது வாசல் போர்ச்சில். டப்பாவை எடுத்துவிட்டால் அந்த ஆவி நேராக வரவேற்பறைக்குள் வரும். தொட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள். திரவப் பெட்ரோல் உள்ளே இறங்கினால் கரி கெட்டுவிடும்.

படி 6: இஜிஆர் இருந்தால்

இது எரிந்த புகையில் கொஞ்சத்தை மீண்டும் சிலிண்டருக்குள் விட்டு எரிதலின் சூட்டைக் குறைக்கிறது. அதனால் நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது. சும்மா ஓடும் என்ஜினில், வேக்குவத்தால் இயங்கும் இஜிஆர் வால்வுக்குக் கைப்பம்பால் வேக்குவம் கொடுங்கள். என்ஜின் தடுமாற வேண்டும், நின்றாலும் சரி. ஒன்றுமே நடக்கவில்லை என்றால், வால்வு இயங்கவில்லை அல்லது வழி கரியால் அடைத்திருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். தகடு வைத்து மூடிவிடுவது சிலருக்கு வழக்கம். ஆனால் பற்றவைக்கும் நேரத்தைக் கணினி கணக்கிடுவது இஜிஆர் வேலை செய்கிறது என்ற நம்பிக்கையில். மூடினால் இழுவையின்போது என்ஜின் தட்டும் வாய்ப்பு உண்டு.

படி 7: ஆக்சிஜன் சென்சார்

தொடக்கநிலையில் இருப்பவர் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற கலவையைக் கணினி காப்பது இந்தச் சென்சாரை நம்பித்தான். என்ஜின் நன்கு சூடானபின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்து, சிக்னல் வயரில் மல்டிமீட்டர் வையுங்கள். சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே அளவு விடாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றாலோ சோம்பலாக நகர்ந்தாலோ சென்சார் முடிந்தது என்று கொள்ளலாம்.

செத்த சென்சாரோடு ஓட்டினால் கணினி பெரும்பாலும் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். அந்த மிச்சப் பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கும். பிறகு "கன்வர்ட்டர் மோசம்" என்று பழி அதன்மேல் விழும். பிளக், பிளக் வயர், காயில் கோளாறால் தவறும் எரிதலும் இதே சேதத்தைச் செய்யும். அதனால் நல்ல போமன் (மெக்கானிக்) முதலில் இவற்றைத்தான் பார்ப்பார். கன்வர்ட்டரைப் பிறகுதான் தொடுவார்.

படி 8: கன்வர்ட்டர்

உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் மாற்றுவது இந்தப் பூச்சுதான். ஆறியபின் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். கலகலத்தால் உள்ளே உடைந்திருக்கிறது.

அடைப்பு தெரிய, வேக்குவம் கேஜை இன்டேக்கில் மாட்டி 2,500 சுற்றில் பிடியுங்கள். முள் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய, ஆக்சிஜன் சென்சார் துளையில் அழுத்தமானி பொருத்திப் பாருங்கள். அதே வேகத்தில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் மாற்ற வேண்டியதுதான்.

வேகம் வேண்டும் என்பவருக்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. தொழிற்சாலைக் கன்வர்ட்டரில் சதுர அங்குலத்துக்கு 400 கண்கள் இருப்பது வழக்கம். 200 கண்கள் கொண்ட உலோக ஸ்போர்ட்ஸ் கன்வர்ட்டர் காற்றை எளிதாக விடும், புகையையும் ஓரளவு சுத்தம் செய்யும். உள்ளே ஒன்றுமில்லாத வெற்று டப்பாவைக் "கன்வர்ட்டர்" என்று விற்பவரிடம் வாங்காதீர்கள்.

படி 9: சட்டமும் சாலையும்

1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், பெட்ரோல் என்ஜின் புகைக்கென 1996இல் வந்த விதிமுறைகள் மலேசியாவில் நடப்பில் உள்ளன. கார்பன் மோனாக்சைடுக்கும் ஹைட்ரோகார்பனுக்கும் அவை உச்ச அளவு வைத்திருக்கின்றன. என்ஜின் மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்தின் பரிசோதனையும் வேண்டும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது சாலையில் இருக்கும் மனிதர்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் உங்களுக்குப் பக்கத்துப் பாதையிலேயே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கத்துக்கு நடந்து போகிறவர்கள் காதை நம்பிச் சாலையைக் கடக்கிறார்கள். கன்வர்ட்டர் இல்லாத என்ஜினின் இரைச்சல் அந்தக் காதையும் அடைக்கிறது.

வாங்கும்போதே பாருங்கள்

காரை இன்னும் வாங்கவில்லையா? விலை பேசும் முன் லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே பாருங்கள். கன்வர்ட்டர் இருந்த இடத்தில் நேர்குழாய் பற்றவைத்திருந்தால், புதுக் கன்வர்ட்டர், சென்சார், வெல்டிங் கூலி மூன்றையும் விலையில் கழித்துக் கேளுங்கள். வாங்கிய கையோடு அவற்றைப் பொருத்திவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.