எங்க மண்ணு புளிப்பு மண்ணு



இந்த மாதச் சுவர் இதழில் அறிவியல் பகுதியை எழுதச் சொல்லி எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு இப்போது அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடம் நடக்கிறது. புத்தகத்தில் இருப்பதையே திரும்ப எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டீங்க என்று எனக்குத் தெரியும். அதனால் நம்ம தேயிலைக் காட்டு மண்ணை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பாடம். தண்ணீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம். இதைச் சொன்னவர் ஸ்வீடன் நாட்டு அர்ஹீனியஸ். 1903ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் வரும், அதற்கு நடுநிலையாக்கல் என்று பெயர். எலுமிச்சை, புளி, மோர் எல்லாம் அமிலம். சுண்ணாம்புத் தண்ணி, சோப்புத் தண்ணி, சாம்பல் கரைச்ச தண்ணி எல்லாம் காரம்.

எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று அளக்க பி.எச். என்ற அளவு இருக்கிறது. 1909ல் டென்மார்க்கில் சோரன்சன் கண்டுபிடித்தார். அவர் வேலை பார்த்தது ஒரு பீர் கம்பெனியின் ஆய்வகத்தில்! (சிரிக்காதீங்க, நிஜம்தான்.) 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இதில் எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. 6க்கும் 5க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று நினைப்போம். ஆனால் ஒரு எண் இறங்கினால் அமிலத் தன்மை பத்து மடங்கு கூடும். இரண்டு எண் இறங்கினால் நூறு மடங்கு.

நம்ம நீலகிரி மண் இயற்கையாகவே அமில மண். இதைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம், பூவைப் பார்த்தால் போதும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வேலி ஓரத்தில் பந்து பந்தாகப் பூக்குமே ஹைட்ரேஞ்சியா, அது அமில மண்ணில் நீலமாகப் பூக்கும், காரத் தன்மை உள்ள மண்ணில் ரோஸ் கலரில் பூக்கும். (வெள்ளைப் பூ பூக்கிற வகை மட்டும் மாறாது.) லிட்மஸுக்கு இது அப்படியே நேர் எதிர்! லிட்மஸ் அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம். பரீட்சையில் ஹைட்ரேஞ்சியாவை நினைத்துக்கொண்டு மாற்றி எழுதிவிடாதீங்க. காரணம் என்னவென்றால், அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியாகப் பூ வரைக்கும் போகிறது. அந்த அலுமினியம்தான் நீலம் ஆக்குகிறது. காரம் கூடினால் அலுமினியம் கரையாமல் மண்ணிலேயே நின்றுவிடும்.

ஏன் நம்ம மண் இப்படி? மழை. வருஷக்கணக்காகப் பெய்கிற மழை மண்ணில் இருக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துப் பள்ளத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஹைட்ரஜனும் அலுமினியமும் மிச்சம் நிற்கின்றன. அது போதாதென்று நாமும் அம்மோனியம் சல்பேட், யூரியா போடுகிறோம். அம்மோனியம் சல்பேட் ஓர் உப்பு. உப்பு என்றாலே நடுநிலை என்று நினைக்கக் கூடாது. மண்ணில் இருக்கிற பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளியே வருகிறது. அதனால் மூட்டை மூட்டையாக உரம் போடப் போட மண் இன்னும் புளித்துக்கொண்டே போகும்.

தேயிலைக்கு அமில மண்தான் பிடிக்கும். பி.எச். 4.5லிருந்து 5.5 வரை இருந்தால் நல்லது. மற்ற செடிகளின் வேரை அலுமினியம் கெடுக்கும், தேயிலையோ அதை உறிஞ்சி முத்தின இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆனால் 4.5க்கும் கீழே போனால் தேயிலைக்கும் ஆகாது. போடுகிற சத்து செடிக்குக் கிடைக்காது. அதற்குத்தான் கவாத்து வெட்டுகிற வருஷத்தில் டோலமைட் போடுகிறார்கள். அது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட். அமிலத்தோடு சேர்ந்து தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறி, புளிப்பைக் குறைக்கும்.

இனி எங்க வீட்டுக் கதை. எங்களுக்கு இருக்கிறது அறுபது சென்ட் தேயிலை. அதில் வீட்டுக்குப் பின்பக்கம் ஏழெட்டுச் செடி மட்டும் மஞ்சளாகப் போய்விட்டது. நரம்பு பச்சையாக இருக்கு, நடுவில் எல்லாம் மஞ்சள். இரண்டு செடி பட்டே போச்சு. காய்கறி போடுகிற பக்கத்துக் காட்டு மாமா பார்த்துவிட்டு, "மண்ணு புளிச்சிருச்சு, சுண்ணாம்புச் சத்து போடுங்க" என்றார். முட்டைக்கோஸ், கேரட் போடுகிறவர்களுக்கு அது சரி, அந்தப் பயிருக்கெல்லாம் பி.எச். 6க்குப் பக்கத்தில் வேணும். அப்பாவும் அறுபது சென்ட்டுக்கும் டோலமைட் வாங்கணும் என்று முடிவு பண்ணிட்டார். பச்சை இலை விலை இறங்கிக் கிடக்கிற நேரத்தில் உரக்கடையில் கடன் சொல்லித்தான் வாங்கணும்.

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். இரண்டு இடத்து மண்ணைத் தனித்தனியாகக் கொண்டுவரச் சொன்னாங்க. மழைத் தண்ணியில் கலக்கி, தெளிய வைத்து, பி.எச். தாளை நனைத்தோம். (குழாய்த் தண்ணியில் ஏற்கெனவே உப்புகள் இருக்கும், அதனால் மழைத் தண்ணி.) நல்லா இருக்கிற செடி மண் 5க்குப் பக்கத்தில் காட்டியது. மஞ்சள் செடி மண் 7க்கும் 8க்கும் நடுவில்! அது புளித்த மண்ணே இல்லை. நேர் எதிர்.

அப்புறம்தான் புரிந்தது. பாட்டி எத்தனையோ வருஷமாக விறகு அடுப்புச் சாம்பலை அங்கேதான் கொட்டுகிறார்கள். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட், கால்சியம் கார்பனேட் எல்லாம் இருக்கு, எல்லாமே காரம். மண்ணில் காரம் கூடினால் இரும்பும் மாங்கனீசும் கரையாது, செடி மஞ்சளாகும். கிழக்கு ஆப்பிரிக்காவில் தேயிலை நட்டபோதும், முன்னே குடிசைகள் இருந்து சாம்பல் சேர்ந்த இடங்களில் மட்டும் தேயிலை வரவே இல்லையாம். அந்த இடத்தில் போய் டோலமைட்டும் போட்டால் மிச்சச் செடியும் போயிருக்கும்.

பாட்டியிடம் சொன்னதும், "சாம்பல் உரம்தானடி, பூண்டுக்கெல்லாம் போடுவோமே" என்றார்கள். அதுவும் உண்மைதான். இப்போது சாம்பல் எல்லாம் காய்கறிப் பாத்திக்குப் போகிறது, கொஞ்சம் கொஞ்சமாக.

அப்பா மட்டும், "பேப்பர் கலர் மாறுனதைப் பாத்து நான் உரம் போடவா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் டீச்சர், "உங்க அப்பா கேட்டது சரிதான், தாள் தோராயமாகத்தான் காட்டும்" என்று சொல்லிட்டாங்க. அதனால் டோலமைட் வாங்குவதை நிறுத்தி வைத்திருக்கிறார். குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மண் கொண்டுபோகலாம் என்று இருக்கிறோம்.

டோலமைட் போடுகிற வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. அதையும் அம்மோனியம் சல்பேட்டையும் ஒன்றாகக் கலந்து போடாதீங்க. அம்மோனியம் உப்போடு காரம் சேர்ந்தால் அம்மோனியா வாயு வரும். மூக்கில் ஏறுகிற அந்த வாடைதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து, காற்றில் போகிறது. நடுவில் சில வாரம் இடைவெளி விடணும்.

மண் எடுக்கிற முறை: மேலே கிடக்கிற சருகைத் தள்ளிவிட்டு முக்கால் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சுரண்டி எடுக்கணும். இப்படி எட்டுப் பத்து இடத்தில் எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிர் எதிர்ப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, அரைக் கிலோ வரும்வரை குறைக்கணும். நிழலில் காயவைக்கணும். புதிதாக உரம் போட்ட இடம், பாதை ஓரம், சாம்பல் கொட்டின இடம் இதெல்லாம் சேர்க்கக் கூடாது. சந்தேகமான இடத்து மண்ணைத் தனிப் பையில் போடுங்க.

பள்ளியிலேயே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு மண் கொண்டுவரலாம், கூடவே ஒரு பாட்டில் மழைத் தண்ணி. பி.எச். தாள் ஒரு சின்னப் புத்தகம்தான் மிச்சம் இருக்கு. அதனால் ஒரு வீட்டுக்கு இரண்டு தாள் மட்டும்தான்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி